உயிரணு மூப்பும் முதுமைசார் நோய்களும்: காப்பு கேடாக மாறும் பாங்கு

ஆய்வுச் சுருக்கம்

பகுப்படையும் ஆற்றலை நிலையாக இழந்த பின்னும் இறவாமல் திசுவிலேயே தங்கி, சுற்றுப்புறத்தின் மீது வேதிவழித் தாக்கம் செலுத்தும் உயிரணுக்களின் நிலை ‘உயிரணு மூப்பு’ எனப்படுகிறது. புற்றுநோயைத் தடுக்கவும் புண்ணை ஆற்றவும் உதவும் இந்நிலையே, நீக்கப்படாமல் குவியும்போது முதுமைக்கும் அதனோடு வரும் நோய்களுக்கும் காரணிகளுள் ஒன்றாகிறது. இக்கருத்து உருவான வரலாறு, மூப்பு தோன்றும் வழிகள், அது நோய்க்கு இட்டுச்செல்லும் பாங்கு, அதற்குரிய சான்றுகளின் தரம் ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. சென்னையில் நீரிழிவு நோயாளரிடையே நிகழ்த்தப்பெற்ற ஆய்வுகளை முன்வைத்து, இத்துறையில் நிறுவப்பட்டது எது, இன்னும் நிறுவப்படாதது எது என்பதையும் வரையறுக்க முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: உயிரணு மூப்பு, டெலோமியர், மூப்புசார் சுரப்பு, நாட்பட்ட அழற்சி, நீரிழிவு, மூப்பணு நீக்கிகள், காயகற்பம்.

முன்னுரை

கடலூருக்கு மேற்கே கெடில ஆற்றங்கரையில் அமைந்த திருவந்திபுரம் நூற்றெட்டு வைணவத் திருப்பதிகளுள் ஒன்று. தேவநாத சுவாமி கோயிலை அடுத்துள்ள குன்று ஔஷதகிரி, அதாவது மருந்து மலை, என வழங்கப்பெறுகிறது. அனுமன் சுமந்து சென்ற சஞ்சீவி மலையின் ஒரு துண்டு இங்கு விழுந்தது என்பது தலபுராண மரபு. உயிரையும் இளமையையும் மீட்டுத் தரும் மருந்து ஒன்று எங்கோ இருக்கிறது என்னும் விழைவு எவ்வளவு பழமையானது என்பதற்கு இத்தகைய மரபுகள் சான்று. அவ்விழைவு இன்று அறிவியலின் மொழியை மேற்கொண்டுள்ளது. மூப்படைந்த உயிரணுக்களை உடலிலிருந்து நீக்கிவிட்டால் முதுமையையே வெல்லலாம் என்னும் கூற்று மருந்து விளம்பரங்களிலும் பொதுமேடைகளிலும் ஒலிக்கத் தொடங்கியுள்ளது. அதன் மெய்ம்மையை அளந்தறிய அடிப்படை அறிவியல் தெளிவு தேவைப்படுகிறது.

தமிழ்நாட்டுக்கு இது ஏட்டளவிலான வினா அன்று. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாநில மக்களுள் 60 வயதை எட்டியோர் 10.4 விழுக்காட்டினர். இது 2021இல் 13.6 ஆகவும் 2031இல் 18.2 ஆகவும் உயரும் என்பது தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2021இல் வெளியிட்ட மதிப்பீடு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தையும் அதனோடு வளர்ந்த மருத்துவக் கல்லூரியையும் உடைய சிதம்பரம் வட்டாரம் போன்ற கல்விச் சூழல்களில், முதுமை பற்றிய ஆய்வைத் தமிழிலும் விவாதிக்க வேண்டிய தேவை இதனால் பெருகுகிறது.

1. கலைச்சொல் வரையறை

ஆங்கில வழக்கில் உடலின் முதுமையைக் குறிக்க ஒரு சொல்லும், உயிரணுவின் இந்நிலையைக் குறிக்க வேறொரு சொல்லும் உள்ளன. தமிழில் இரண்டையும் ‘முதுமை’ என்றோ ‘முதிர்ச்சி’ என்றோ எழுதுவதால் குழப்பம் நேர்கிறது. ‘முதிர்ச்சி’ என்பது வளர்ச்சி நிறைவுற்ற நிலையையும் குறிக்கும். முதிர்ந்த இரத்தச் சிவப்பணு மூப்படைந்த அணு அன்று. ஆகவே இக்கட்டுரையில் உடல் முழுவதற்கும் உரிய நிகழ்வு ‘முதுமை’ என்றும், தனி உயிரணுவின் நிலை ‘மூப்பு’ என்றும் வழங்கப்பெறுகின்றன.

இதனை ஒத்த பிற நிலைகளிலிருந்தும் பிரித்தறிதல் வேண்டும். ஓய்வுநிலையில் உள்ள உயிரணு, உரிய தூண்டுதல் கிடைத்தால் மீண்டும் பகுப்படையும். மூப்படைந்தது இயல்பான சூழலில் அவ்வாறு மீள்வதில்லை. திட்டமிட்ட உயிரணு இறப்பில் உயிரணு தன்னைத் தானே சிதைத்து மறைகிறது. மூப்படைந்ததோ மறையாமல், வளர்சிதை மாற்றத்தைத் தொடர்ந்து நடத்துகிறது. பிணி, மூப்பு, சாக்காடு என மூன்றையும் தனித்தனியே எண்ணுவது தமிழ் மரபு. உயிரணு அளவிலும் மூப்பு சாக்காடாகாது. அது பிணிக்கு எவ்வாறு வாயிலாகிறது என்பதே இத்துறையின் மைய வினா.

2. கருத்து உருவான வரலாறு

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில், உடலிலிருந்து பிரித்து வளர்க்கப்படும் உயிரணுக்கள் முடிவின்றிப் பகுப்படையும் என்பதே ஏற்கப்பட்ட கருத்தாக இருந்தது. அலெக்சிஸ் கேரல் 1912இல் தொடங்கிய கோழிக் கரு இதயத் திசு வளர்ப்பு, அவர் மறைந்த பின்னும் 1946 வரை தொடர்ந்ததாகக் கூறப்பட்டமை இக்கருத்துக்கு வலுவூட்டியது. முதுமை உயிரணுவில் இல்லை, அதற்கு வெளியே எங்கோ உள்ளது என்பதே இதன் உட்கிடை.

1961இல் பிலடெல்பியாவின் விஸ்டார் நிறுவனத்தில் பணியாற்றிய லெனார்டு ஹேஃப்ளிக்கும் பால் மூர்ஹெட்டும் இதனை மறுத்தனர். மனிதக் கருவின் நார்த்திசு உயிரணுக்கள் ஏறத்தாழ 50 முறை இரட்டித்த பின் பகுப்படைவதை நிறுத்திக்கொள்வதை அவர்கள் கண்டனர். வளர்ப்பு ஊடகத்தின் குறையே இதற்குக் காரணமாகலாம் என்னும் ஐயத்தை நீக்க, பலமுறை பகுப்படைந்த ஆண் உயிரணுக்களையும் சிலமுறையே பகுப்படைந்த பெண் உயிரணுக்களையும் ஒரே கலத்தில் சேர்த்து வளர்த்தனர். குரோமோசோம்களைக் கொண்டு இருவகையையும் பிரித்தறிந்தபோது, ஆண் உயிரணுக்கள் மறைந்து பெண் உயிரணுக்கள் மட்டுமே எஞ்சியிருந்தன. ஊடகம் ஒன்றே, வரலாறு மட்டும் வேறு. ஆகவே எண்ணிக்கையைக் ‘கணக்கு வைக்கும்’ ஏதோ ஒன்று உயிரணுவுக்குள்ளேயே இருத்தல் வேண்டும் என்பது பெறப்பட்டது. இவ்வரம்பு பின்னர் ஹேஃப்ளிக் எல்லை எனப் பெயர் பெற்றது.

அக்கணக்கு எங்கே உள்ளது என்பதற்கு 1970களின் தொடக்கத்தில் சோவியத் அறிஞர் அலெக்சி ஒலோவ்னிகோவ் ஒரு கருதுகோளை முன்வைத்தார். டி.என்.ஏ.வைப் படியெடுக்கும் நொதி, நீள்சரத்தின் இறுதி முனையை முழுமையாகப் படியெடுக்க இயலாது. ஆகவே ஒவ்வொரு பகுப்பிலும் முனை சிறிது குறையும் என்பது அது. முனைகளைக் காக்கும் டெலோமியர் பகுதி மனிதரில் ஆறெழுத்துத் தொடர் ஒன்று ஆயிரக்கணக்கான முறை அடுக்கப்பட்டதால் ஆனது. இதனை நீட்டிக்கும் டெலோமரேஸ் நொதியை எலிசபெத் பிளாக்பர்னும் கரோல் கிரெய்டரும் 1984இல் கண்டறிந்தனர். டெலோமியர் பற்றிய பணிக்காக அவ்விருவரும் ஜாக் சோஸ்டாக்கும் 2009ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். நார்த்திசு உயிரணுக்கள் பகுப்படையுந்தோறும் டெலோமியர் குறைவது 1990இல் காட்டப்பட்டது. டெலோமரேஸை உட்செலுத்தினால் அவ்வுயிரணுக்கள் எல்லையைக் கடந்தும் பகுப்படைவது 1998இல் நிறுவப்பட்டது. கருதுகோள் இவ்வாறு காரண காரியத் தொடர்பாக உறுதிப்பட்டது.

3. மூப்பு தோன்றும் வழிகள்

டெலோமியர் குறைவு ஒன்றே மூப்புக்குக் காரணம் என்று கருதுதல் பொருந்தாது. மிகவும் குறுகிய டெலோமியரை, உயிரணு ‘உடைந்த டி.என்.ஏ.’ என்றே உணர்கிறது. எனவே டி.என்.ஏ.வைச் சிதைக்கும் வேறெதுவும் அதே விளைவை உண்டாக்கும். கதிர்வீச்சு, புற்றுநோய்க்குரிய சில வேதிமருந்துகள், மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து வெளிப்படும் ஆக்சிஜன் தீவிரக் கூறுகள், நெடுங்காலம் நீடிக்கும் மிகை இரத்தச் சர்க்கரை ஆகியன அவ்வகையின. மேலும், புற்றுநோயைத் தூண்டும் மரபணு ஒன்று செயற்படத் தொடங்கினாலும், உயிரணு அதனைப் பேரிடராக உணர்ந்து மூப்புக்குள் புகும் என்பது 1997இல் கண்டறியப்பட்டது.

வழிகள் பலவாயினும் முடிவில் இரு தடங்களில் அவை கூடுகின்றன. ஒன்று, பி53 புரதம் பி21 புரதத்தைத் தூண்டும் தடம்; மற்றொன்று, பி16 புரதம் ஆர்.பி. புரதத்தின் தடையை நிலைநிறுத்தும் தடம். இரண்டும் உயிரணுச் சுழற்சியை நிறுத்துகின்றன. இத்தடங்கள் யாவும் புற்றுக்கட்டியை அடக்குவன என்பது கருதத்தக்கது. பெரும்பாலான புற்றுநோய்களில் இவற்றுள் ஏதேனும் ஒன்று பழுதடைந்திருத்தலே அதற்குச் சான்று.

மூப்படைந்த உயிரணு பருத்துத் தட்டையாகிறது. அதன் லைசோசோம்கள் பெருகுகின்றன. அமிலக் காரச் சுட்டு 6 என்னும் நிலையில் செயற்படும் பீட்டா கேலக்டோசிடேஸ் நொதி மூப்பின் அடையாளமாக 1995இல் முன்மொழியப்பட்டது. ஆயினும் இந்நொதியோ பி16 புரதமோ தனித்த முற்றான அடையாளம் ஆகாது. மூப்படையாத சில மேக்ரோஃபேஜ் உயிரணுக்களிலும் அவை காணப்படுகின்றன. ஆகவே பல அடையாளங்களை ஒருங்கே நோக்கியே முடிவு கூறுதல் ஆய்வு நெறி.

4. மூப்புசார் சுரப்பு

பகுப்பை நிறுத்திய உயிரணு, திசுவில் ஒரு வெற்றிடம் போல் வாளா இருந்துவிடும் என்றால் அதனால் பெருங்கேடு விளையாது. அது வாளா இருப்பதில்லை என்பதே 2008இல் ஜூடித் காம்பிசியின் குழுவினர் விரிவாக வெளிப்படுத்திய உண்மை. மூப்படைந்த உயிரணு, அழற்சியைத் தூண்டும் இன்டர்லூக்கின் 6, இன்டர்லூக்கின் 8 முதலிய சைட்டோகைன்களையும், திசுவின் தாங்குசட்டகத்தைச் சிதைக்கும் நொதிகளையும், வளர்ச்சிக் காரணிகளையும் இடையறாது சுரக்கிறது. இத்தொகுதி ‘மூப்புசார் சுரப்பு’ எனப்படுகிறது.

இச்சுரப்பினால் மூன்று விளைவுகள் உண்டாகின்றன. முதலாவது, அண்டை உயிரணுக்களும் மூப்படைகின்றன. ஒன்றின் கேடு பிறவற்றுக்கும் பரவுகிறது. இரண்டாவது, நோய்த்தொற்று ஏதுமின்றியே திசுவில் மெல்லிய அழற்சி நிலைபெறுகிறது. மூன்றாவது, குருத்தணுக்கள் திசுவைப் புதுப்பிக்கும் திறன் குன்றுகிறது. எண்ணிக்கையில் மிகச் சிறுபான்மையாக உள்ள மூப்படைந்த உயிரணுக்கள் உறுப்பு முழுவதையும் பாதிக்க இயலுவது இதனாலேயே.

5. மூப்பின் நன்மைகள்

மூப்பைக் கேடு என்று மட்டும் கருதினால் அதன் இயல்பு விளங்காது. தோலில் காணப்படும் மச்சம் இதற்கு எளிய எடுத்துக்காட்டு. மச்சங்களுள் பலவற்றில் நிறமி உயிரணுக்கள் புற்றுநோய்க்குரிய மரபணு மாற்றத்தைப் பெற்றுச் சிறிது பெருகி, பின்னர் மூப்படைந்து நின்றுவிட்டிருப்பது 2005இல் காட்டப்பட்டது. புற்றாகியிருக்கக்கூடியது மச்சமாகவே பல்லாண்டுகள் தங்கிவிடுகிறது.

புண் ஆறுவதிலும் மூப்புக்குப் பங்கு உண்டு. காயம்பட்ட இடத்தில் குறுகிய காலம் தோன்றும் மூப்படைந்த உயிரணுக்கள் சுரக்கும் வளர்ச்சிக் காரணி ஒன்று புண்ணை விரைந்து மூடச் செய்வது 2014இல் எலிகளில் நிறுவப்பட்டது. கல்லீரல் சிதையும்போது தழும்புநாரை உண்டாக்கும் உயிரணுக்கள், தாமே மூப்படைந்து அத்தழும்பின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்துவது 2008இல் தெரியவந்தது. கரு வளர்ச்சியில், தேவை முடிந்த அமைப்புகளைக் களைவதிலும் மூப்பு பங்கேற்பதை 2013இல் இரு குழுக்கள் தனித்தனியே வெளியிட்டன.

இவற்றுக்குப் பொதுவான கூறு ஒன்று உண்டு. மூப்பு தோன்றுகிறது, தன் சுரப்பின் வழியாகவே நோயெதிர்ப்பு அணுக்களை அழைக்கிறது, அவை வந்து மூப்படைந்த உயிரணுக்களை அகற்றுகின்றன. தோன்றுதல், பணியாற்றுதல், அகற்றப்படுதல் ஆகிய மூன்றும் நிறைவுறும்போது மூப்பு காப்பாகிறது. மூன்றாவது தவறும்போது அதுவே கேடாகிறது. வயது கூடக்கூட ஒருபுறம் சிதைவுகள் பெருகி மூப்படையும் உயிரணுக்கள் மிகுகின்றன; மறுபுறம் நோயெதிர்ப்பு மண்டலம் தளர்ந்து அகற்றும் வேகம் குறைகிறது. வரவு கூடிச் செலவு குறைய இருப்பு பெருகுவது போன்றது இது.

6. நோய்க்குப் பங்களிப்பு: சான்றுகளின் படிநிலை

மூப்படைந்த உயிரணுக்கள் முதியோரின் திசுக்களில் மிகுதியாக உள்ளன என்பது உடனிகழ்வை மட்டுமே காட்டும். நரைத்த முடியும் முதுமையுடன் வருகிறது. ஆயினும் நரை மூட்டுத் தேய்வுக்குக் காரணமாகாது. காரணத் தொடர்பை நிறுவ, அவற்றைச் சேர்த்தால் நோய் வருகிறதா, நீக்கினால் நோய் குறைகிறதா என்னும் இரு வினாக்களுக்கும் விடை வேண்டும்.

சேர்த்தல் ஆய்வு 2018இல் மேயோ மருத்துவ மையக் குழுவினரால் வெளியிடப்பட்டது. இளம் எலிகளின் உடலில் மூப்படைந்த உயிரணுக்களைச் செலுத்தியபோது, அவற்றின் நடை வேகமும் தசை வலிமையும் தாங்குதிறனும் குறைந்தன. உடலின் மொத்த உயிரணுக்களுள் ஏறத்தாழப் பத்தாயிரத்தில் ஒன்று என்னும் அளவே இதற்குப் போதுமானதாக இருந்தது.

நீக்கல் ஆய்வு அதற்கு முன்பே தொடங்கியது. டேரன் பேக்கர், யான் வான் டோர்சன் ஆகியோரின் குழுவினர் பி16 புரதத்தை மிகுதியாக உடைய உயிரணுக்கள் மட்டும் ஒரு மருந்தினால் அழியுமாறு மரபணு மாற்றம் செய்த எலிகளை உருவாக்கினர். விரைந்து முதுமையடையும் எலிகளில் தசைக்குறைவும் கண்புரையும் தள்ளிப்போயின என்பது 2011ஆம் ஆண்டு முடிவு. இயல்பாக முதுமையடையும் எலிகளில் நடு வயதிலிருந்து நீக்கலை மேற்கொண்டபோது அவற்றின் இடைநிலை ஆயுள் 24 முதல் 27 விழுக்காடு வரை நீண்டது என்பது 2016ஆம் ஆண்டு முடிவு. தொடர்ந்து இரத்தக்குழாய்த் தடிப்பு, மூட்டுத் தேய்வு, உடற்பருமனால் வரும் இன்சுலின் தடை, நரம்புச் சிதைவு ஆகியவற்றின் எலி மாதிரிகளிலும் நீக்கலால் நற்பயன் காணப்பட்டது. முதுமையின் அடிப்படைக் கூறுகள் என 2013இல் ஒன்பதையும் 2023இல் பன்னிரண்டையும் தொகுத்துரைத்த லோப்பஸ் ஓட்டின் குழுவினர் இரு பட்டியல்களிலும் உயிரணு மூப்பைச் சேர்த்தமைக்கு இச்சான்றுகளே அடிப்படை.

ஆயினும் இச்சான்றுகளிலேயே எச்சரிக்கையும் அடங்கியுள்ளது. 2016ஆம் ஆண்டு ஆய்வில், நீக்கல் நடைபெறும் காலத்தில் எலிகளின் புண் ஆறுதல் தாமதமாயிற்று. 2020இல் வெளிவந்த வேறோர் ஆய்வில், முதிய எலிகளின் கல்லீரல் இரத்தக்குழாய்களின் உட்சுவரில் இருந்த பி16 மிகுந்த உயிரணுக்களைத் தொடர்ந்து நீக்கியபோது, அவ்விடம் புதிய உயிரணுக்களால் நிரம்பாமல் தழும்புநார் தோன்றி எலிகளின் நலம் குன்றியது. மூப்படைந்தவற்றுள்ளும் இன்னும் பணியாற்றுவன உள்ளன என்பது இதனால் புலப்படுகிறது.

7. சென்னை நீரிழிவு ஆய்வுகள் உணர்த்துவன

எலிகளில் நிறுவப்பட்டது மனிதருக்கு எவ்வளவு பொருந்தும் என்னும் வினாவுக்குத் தமிழ்நாட்டிலிருந்தே ஒரு முற்பட்ட பங்களிப்பு உண்டு. சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையைச் சேர்ந்த அடைக்கலகோட்டேசுவரி, பாலசுப்பிரமணியம், மோகன் ஆகியோர் 2005இல் வெளியிட்ட ஆய்வு அது. சென்னை நகர்ப்புற ஊரக நோய்ப்பரவல் ஆய்வில் பங்கேற்றோரிலிருந்து, சிக்கல்கள் தோன்றாத இரண்டாம் வகை நீரிழிவு நோயாளர் 40 பேரும், வயதும் பாலும் ஒத்த நோயற்றோர் 40 பேரும் தெரிந்தெடுக்கப்பட்டனர். இரத்த வெள்ளணுக்களின் டெலோமியர் நீளம் நோயற்றோரிடம் சராசரியாக 9.11 கிலோபேஸாகவும், நோயாளரிடம் 6.01 கிலோபேஸாகவும் இருந்தது. கிலோபேஸ் என்பது டி.என்.ஏ.வின் ஆயிரம் கார இணைகளைக் கொண்ட அளவு.

நாட்காட்டி வயதில் ஒத்திருந்த இரு குழுவினர் உயிரணு அளவில் ஒத்திருக்கவில்லை என்பதே இதன் சாரம். இந்தியரிடம் நீரிழிவு மேலைநாட்டினரைவிட ஏறத்தாழப் பத்தாண்டு முன்னதாகவே தோன்றுகிறது என்பது மருத்துவ உலகம் நன்கறிந்தது. ஆகவே இங்கு ‘முதுமைசார் நோய்’ என்னும் தொடரையே மறுபரிசீலனை செய்ய வேண்டியுள்ளது. நாற்பதைக் கடந்த ஒருவரின் சிறுநீரகமும் விழித்திரையும் இரத்தக்குழாயும் அறுபதைக் கடந்தவருடையதைப் போல் ஆவதற்கு உயிரணு மூப்பு ஒரு விளக்கமாகலாம்.

அதே நிறுவனத்தார் 2007இல் வெளியிட்ட ஆய்வு, நீரிழிவாக இன்னும் முற்றாத, சர்க்கரையைத் தாங்கும் திறன் குறைந்த நிலையிலேயே டெலோமியர் குறுகியிருப்பதைக் காட்டியது. இரத்தக்குழாயில் கொழுப்புப் படிவும் சேர்ந்த நீரிழிவு நோயாளரிடம் அது மேலும் குறுகியிருந்தது. 2013இல் வெளிவந்த அவர்களது ஆய்வகப் பணி வேறொரு கோணத்திலானது. வளர்ப்புக் கலத்தில் உள்ள கொழுப்பு உயிரணுக்களை ஆக்சிஜனேற்ற அழுத்தத்துக்கு உட்படுத்தியபோது, மூப்பின் அடையாளங்களும் இன்சுலினுக்கு இணங்காத தன்மையும் ஒருங்கே தோன்றின. மூப்பு நீரிழிவின் விளைவாக மட்டும் அன்றி அதனை வளர்க்கும் காரணியாகவும் அமையலாம் என்பதற்கு இது குறிப்பு. சர்க்கரை மிகுதி மூப்பை உண்டாக்க, மூப்படைந்த கொழுப்புத் திசுவின் சுரப்பு இன்சுலினைத் தடுக்க, அதனால் சர்க்கரை மேலும் மிகும் நச்சுச் சுழல் ஒன்று உருவாகிறது.

இம்முடிவுகளை அவற்றின் வரம்புக்குள் நின்று கொள்ளுதல் வேண்டும். மனிதரிடம் செய்யப்பட்ட மேற்கண்ட இரண்டும் குறித்த ஒரு காலப்புள்ளியில் எடுக்கப்பட்ட அளவீடுகள். குறுகிய டெலோமியர் நோய்க்கு முன்னரே இருந்ததா, நோயால் குறுகியதா என்பதை அவை மட்டும் தீர்மானிக்க இயலாது. வெள்ளணுவின் டெலோமியர் நீளம், கணையத்திலோ சிறுநீரகத்திலோ மூப்படைந்த உயிரணுக்கள் எத்தனை என்பதை நேரடியாகக் காட்டவும் செய்யாது. ஒரே மக்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து நோக்கும் ஆய்வுகளே இதற்கு விடை தரும். 45 வயதைக் கடந்த 72,000க்கும் மேற்பட்டோரை உள்ளடக்கி 2017–18இல் முதற்சுற்றை நிறைவேற்றிய இந்திய நெடுங்கால முதுமை ஆய்வு அதற்கு ஒரு களத்தை அமைத்துள்ளது. இந்தியரிடம் 2021இல் நீரிழிவு நோயாளர் ஏறத்தாழ 10.1 கோடி என இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு மதிப்பிட்டிருப்பதை நோக்க, இவ்வினாவின் எடை புலனாகும்.

8. நீக்கும் மருந்துகளும் காயகற்பமும்

மூப்படைந்த உயிரணுக்கள் தம் சுற்றுப்புறத்துக்கு ஊறு விளைவித்தும் தாம் இறவாமைக்குக் காரணம், திட்டமிட்ட இறப்பைத் தடுக்கும் தடங்கள் அவற்றில் வலுப்பெற்றிருத்தல். அத்தடங்களை முடக்கி அவற்றை மட்டும் இறக்கச் செய்வன ‘மூப்பணு நீக்கிகள்’. இரத்தப் புற்றுநோய்க்குரிய டாசாட்டினிப் என்னும் மருந்தும், வெங்காயம் முதலிய தாவரங்களில் உள்ள குவெர்செட்டின் என்னும் பொருளும் இணைந்து இவ்வாறு செயற்படுவது 2015இல் காட்டப்பட்டது. உயிரணுவை அழிக்காமல் அதன் சுரப்பை மட்டும் குறைப்பன ‘மூப்பணு அடக்கிகள்’. இவை இரண்டாம் வகை.

மனிதரிடம் முதற்சோதனை 2019இல் நுரையீரல் நார்ப்பெருக்க நோயாளர் 14 பேரிடம் நிகழ்ந்தது. நடைத்திறன் மேம்பட்டது, நுரையீரலின் செயற்பாட்டில் மாற்றமில்லை. அதே ஆண்டு நீரிழிவுச் சிறுநீரக நோயாளர் 9 பேரிடம், மூன்று நாள் மருந்துக்குப் பின் கொழுப்புத் திசுவில் மூப்படைந்த உயிரணுக்கள் குறைந்தமை காணப்பட்டது. இவை சிறு எண்ணிக்கையினர். ஒப்பீட்டுக் குழு இல்லாதவை. முழங்கால் மூட்டுத் தேய்வுக்கான வேறொரு நீக்கி மருந்து, ஒப்பீட்டுக் குழுவுடன் நிகழ்ந்த இரண்டாம் கட்டச் சோதனையில் போலி மருந்தைவிட மேம்பட்ட பயன் தரவில்லை என்பது 2020இல் வெளியான முடிவு.

இவ்விடத்தில் தமிழ் மரபு சார்ந்த ஒரு கூற்றையும் ஆராய்தல் தகும். சித்த மருத்துவத்தின் காயகற்பமே இன்றைய மூப்பணு நீக்கி என்று சிலர் உரைப்பதுண்டு. நரை, திரை, மூப்பு ஆகியவற்றைத் தள்ளிப்போடும் நோக்கம் காயகற்பத்துக்கு உண்டு என்பதில் ஐயமில்லை. கடலூர் மாவட்டத்து வடலூரில் வாழ்ந்த வள்ளலார் கரிசலாங்கண்ணியைப் போற்றியமையும் இம்மரபின் தொடர்ச்சியே. ஆனால் நோக்கம் ஒத்திருத்தல் வேறு. செயற்பாங்கு ஒத்திருத்தல் வேறு. ஒரு மூலிகை மூப்பணு நீக்கி எனப்பட வேண்டுமாயின், மூப்படைந்த உயிரணுக்களை அது தேர்ந்து அழிப்பதும், இயல்பானவற்றை விட்டுவைப்பதும் உரிய அளவில் காட்டப்படல் வேண்டும். அளவு என்பது இங்கு முதன்மையானது. நுரையீரல் நோயாளருக்கு நாளொன்றுக்கு அளிக்கப்பட்ட குவெர்செட்டின் 1,250 மில்லிகிராம். நூறு கிராம் வெங்காயத்தில் உள்ளதோ சில பத்து மில்லிகிராம் மட்டுமே. உணவில் உள்ள ஒரு பொருள் ஆய்வகத்தில் பயன் தந்தமையால் அவ்வுணவே மருந்தாகும் என்னும் முடிவு பொருந்தாது. மரபுக்குப் பெருமை சேர்ப்பது, ஆராயாமல் உரிமை கோருவதன்று; அம்மூலிகைகளை இவ்வளவுகோலால் சோதித்துக் காண்பதேயாகும்.

மருந்தின்றியும் சில செய்ய இயலும். முதியோர் பன்னிரண்டு வாரம் முறையான உடற்பயிற்சி மேற்கொண்டபோது, இரத்தத்தின் டி வகை வெள்ளணுக்களில் பி16, பி21 ஆகிய அடையாளங்கள் குறைந்தமையை மேயோ குழுவினர் 2021இல் வெளியிட்டனர். சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தல், புகைபிடித்தலைத் தவிர்த்தல், உடற்பருமனைக் குறைத்தல் ஆகியன மூப்பைத் தூண்டும் சிதைவுகளையே குறைப்பன. குவிந்ததை நீக்குவதற்கு முன், குவிவதைத் தாமதப்படுத்துவது இன்றைய நிலையில் உறுதியான வழி.

முடிவுரை

மேற்கண்ட விளக்கங்களால் பின்வருவன பெறப்படுகின்றன.

• உயிரணு மூப்பு உடலின் பழுது அன்று. புற்றுநோயைத் தடுக்கவும் புண்ணை ஆற்றவும் அமைந்த காப்பு. அகற்றப்படாமல் நீடிக்கும்போதே அது கேடாகிறது.

• மூப்படைந்த உயிரணுக்கள் தம் எண்ணிக்கையால் அன்றித் தம் சுரப்பினாலேயே உறுப்புகளைப் பாதிக்கின்றன. பல நோய்களுக்குப் பொதுவான அழற்சிப் பின்புலம் இதனால் அமைகிறது.

• எலிகளில் காரணத் தொடர்பு சேர்த்தலாலும் நீக்கலாலும் நிறுவப்பட்டுள்ளது. மனிதரில் உடனிகழ்வு வலுவாகவும், சிகிச்சைப் பயன் தொடக்க நிலையிலும் உள்ளன.

• சென்னை ஆய்வுகள், ஒரே வயதினரிடையேயும் நீரிழிவு உயிரணு அளவில் பெருவேறுபாட்டைக் காட்டுவதை இருபது ஆண்டுகளுக்கு முன்னரே வெளிப்படுத்தின. அவற்றைத் தொடர்நோக்கு ஆய்வுகளாலும் திசு ஆய்வுகளாலும் நிறைவு செய்தல் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் கடமை.

• எல்லா மூப்படைந்த உயிரணுக்களையும் நீக்குதல் இலக்காக முடியாது. எவ்வுறுப்பில், எவ்வகை உயிரணுவை, எக்காலத்தில் நீக்குவது என்பதை வரையறுத்த பின்னரே மருந்து பற்றிய கூற்றுகள் பொருளுடையனவாகும். அதுவரை, இளமையை மீட்பதாகக் கூறும் எம்மருந்தையும், நவீனமாயினும் மரபுவழியாயினும், ஒரே உரைகல்லில் உரைத்துப் பார்த்தலே ஆய்வாளர்க்கு உரிய நெறி.